ராசாவின் கீழறையில் நான் போட்ட சத்தம்

1

டென்மார்க்கில் படிவம் வருவது ஒரு புதினமா? பல் பிடுங்கப் படிவம், பிள்ளையை நீச்சலுக்கு விடப் படிவம், செத்தவரைப் புதைக்கப் படிவம். ஹோர்சன்ஸுக்கு வந்து முப்பத்தொரு வருடமாக நிரப்பிக்கொண்டிருக்கிறேன். எங்கள் குடும்பப் பெயரை அவர்கள் தருகிற சின்னக் கட்டங்களுக்குள் அடைக்கிற வித்தை எனக்கு இப்போது கைவந்துவிட்டது. ஆனால் நான் ஏசிய ஏச்சுக்கு என்னிடமே சம்மதம் கேட்டு ஒரு படிவம் வரும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. போன வெள்ளிக்கிழமை அதுவும் வந்தது.

அனுப்பியது இங்கே பக்கத்தில் உள்ள ஒரு பழைய இசைச் சங்கம். மாசி மாதம் அவர்கள் வைத்த கச்சேரியின் ஒலிப்பதிவில் என்னுடைய குரல் இரண்டு நிமிடத்துக்கு மேல் கேட்கிறதாம். குரல் என்பது என் தனிப்பட்ட தகவலாம். ஆகவே நான் சம்மதித்துக் கையெழுத்து வைக்காமல் அந்தப் பதிவை அவர்கள் யாருக்கும் கொடுக்க முடியாதாம். பேசியது டெனிஷ் மொழியில் இல்லாததால் பேசியது முழுவதையும் மொழிபெயர்த்து இணைக்கவேண்டுமாம். மரியாதையான கடிதம்தான். இந்த நாட்டில் மரியாதைக்கு என்ன குறைச்சல்.

அதற்குக் கீழே, பதிவு எதற்குத் தேவை என்ற இடத்தில் இரண்டு காரணம் எழுதியிருந்தார்கள். ஒன்று, சங்கத்தின் இணையத்தளம். மற்றது, வாத்தியக் கலைஞரின் வெளிநாட்டு மேற்படிப்பு விண்ணப்பம்.

அந்த வாத்தியக் கலைஞர் என்னுடைய மகள் டிலானி. வெளிநாட்டுக்குப் படிக்கப் போகப்போகிறாள் என்ற செய்தியை ஒரு தாய் சங்கத்தின் படிவத்தில் வாசித்துத் தெரிந்துகொள்கிற காலம் இது. கைத்தொலைபேசியைக் குசினி மேசையில் அடித்து வைத்தேன். இவர் திடுக்கிட்டு எழும்பி வந்து, "என்னப்பா, ஆர் செத்தது?" என்று கேட்டார்.

"ஒருதரும் சாகேல்லை. உங்கட மகள் போறாளாம்."

"எங்க?"

"எனக்குத் தெரியுமெண்டே கேக்கிறியள்?"

கச்சேரி நடந்த நாளிலிருந்து டிலானிக்கும் எனக்கும் பேச்சில்லை. ஏழு கிழமை, நாற்பத்தொன்பது நாள். பெத்தது ஒன்றே ஒன்று.

2

வாசிக்கிற நீங்கள் ஊரில் இருக்கிறீர்கள். டிலானி என்ன படிக்கிறாள் என்று உங்களில் பலர் என்னைத் தொலைபேசியில் கேட்டிருக்கிறீர்கள். நானும் "மியூசிக்" என்று சொல்லி மழுப்பியிருக்கிறேன். இன்றைக்கு முழுதாகச் சொல்லுகிறேன்.

அவள் படிப்பது நானூறு வருடத்துக்கு முந்திய ஐரோப்பியச் சங்கீதம். அதற்குப் பிறகு வந்த பெரிய பெரிய ஆட்கள், நீங்களும் நானும் பெயரளவில் கேள்விப்பட்டவர்கள், அவர்களெல்லாம் அவளுக்குப் புதுசுகளாம். அவள் வாசிக்கிற வாத்தியத்துக்குப் பெயர் காம்பா. வயலினைவிடப் பெரிது, ஆறு நரம்பு, காலுக்கிடையில் இடுக்கி வைத்து உள்ளங்கையை மேலே பார்க்கப் பிடித்து வில் போடவேண்டும். சத்தம் பெரிதாக வராது. ஒரு மனிதர் பக்கத்து அறையில் இருந்து கதைக்கிற அளவுக்குத்தான் கேட்கும்.

பிள்ளைக்கு ஒன்பது வயதில் நாங்கள் வயலின் வாங்கிக் கொடுத்தோம். கத்தோலிக்கக் கோவிலில் ஞாயிறு பூசைக்கு எங்கள் தமிழ்ப் பாடகர் குழுவோடு சேர்ந்து வாசிப்பாள் என்ற எண்ணம். ஐந்து வருடம் வாசித்தாள். மார்கழியில் நத்தார்ப் பூசைக்கு அவள் வாசித்தபோது எங்கள் ஆட்கள் தலையைத் தடவிவிட்டுப் போனார்கள். பதினான்கு வயதில் பள்ளிக்கூடத்தால் எங்கேயோ கூட்டிக்கொண்டு போய் அந்தக் காம்பாவைக் காட்டிவிட்டார்கள். அன்றோடு வயலின் கட்டிலுக்குக் கீழே போய்விட்டது. தமிழும் ஏறக்குறைய அதே நேரத்தில்தான் போனது. நான் தமிழில் கேட்பேன், அவள் டெனிஷில் பதில் சொல்லுவாள். அம்மா என்ற சொல்லும் போய், டெனிஷ் பிள்ளைகள் கூப்பிடுகிற மாதிரி "மோர்" என்றாகிவிட்டது. காது இரண்டும் தமிழ், வாய் மட்டும் டெனிஷ்.

எங்கள் ஆட்கள் விடுவார்களா? "டொக்டருக்குப் படிக்கேல்லையோ, பார்மசிக்கும் படிக்கேல்லையோ" என்று கேட்டார்கள். அவர்களுக்கு நான் பதில் சொல்லிக் களைத்துப்போனேன். உண்மையைச் சொன்னால், அவளிடம் ஒருநாளும் "ஏன் பிள்ளை இது உனக்குப் பிடிச்சது" என்று நானும் கேட்டதில்லை.

3

நான் குடியுரிமைச் சோதனைக்குப் படித்தபோது அந்த நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ராசாவைப் பாடமாக்கினேன். கட்டடம் கட்டினார், சண்டை பிடித்தார், தோற்றார். சோதனையில் சித்தியடைந்தேன். ஆனால் அவர் சங்கீதப் பைத்தியம் என்பதும், அவருடைய கீழறைக் கதையும் எனக்குத் தெரியவந்தது டிலானி சொல்லித்தான். நான் இங்கே ஒருவருடைய பெயரையும் எழுதப்போவதில்லை. தமிழில் எழுதினால் உச்சரிப்புப் பிழை என்று மகள் ஒரு பாடம் எடுப்பாள். அந்த வம்பு எனக்கு வேண்டாம்.

அந்த ராசா தன் அரண்மனைக்கு இங்கிலாந்து, ஜெர்மனி, இத்தாலி என்று எல்லா இடத்திலிருந்தும் வாத்தியக்காரர்களை எடுத்தார். இன்றைக்கு எங்களை எடுத்த மாதிரித்தான், வேலைக்கு ஆள் தேவைப்பட்டது. அதில் ஒரு ஆங்கிலேயர், லூட் என்ற நரம்பு வாத்தியத்தில் அந்தக் காலத்தில் அவரை விட்டால் ஆள் இல்லையாம். கேட்கிறவர்களை அழவைக்கிற மாதிரி இசையமைப்பாராம். ராசா அவருக்குப் பெரிய உத்தியோகத்தர்களுக்குக் கொடுக்கிற மாதிரிச் சம்பளம் கொடுத்தார். அவர் லீவில் இங்கிலாந்துக்குப் போய், சொன்ன நாளுக்குத் திரும்பி வரவில்லை. கடைசியில் வேலையால் நிற்பாட்டிவிட்டார்கள். இதை டிலானி சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். ஊருக்குப் போய், வயிற்றோட்டம் என்று சொல்லி இரண்டு கிழமை பிந்தி வந்து, வேலை போன எங்கள் ஆட்கள் எத்தனை பேரை எனக்குத் தெரியும்.

ராசா தன்னுடைய நாட்டுப் பொடியன்கள் சிலரை வெனிஸுக்கும் அனுப்பிப் படிப்பித்தார். அங்கே பெரிய கோவிலில் பாட்டுக் குழுவை இரண்டாகப் பிரித்து, எதிரெதிர் மேல்தளங்களில் நிற்பாட்டிப் பாடவைப்பார்களாம். அந்தச் சங்கீதம் முழுக்க எங்கள் கத்தோலிக்கக் கோவில்களில் வளர்ந்தது. பொடியன்கள் அதைப் படித்துக்கொண்டு வந்து ராசாவுக்கு எழுதினார்கள், பாடினார்கள். அதே ராசாதான் எங்கள் குருமார் டென்மார்க்குக்குள் கால் வைத்தால் உயிர் தப்பாது என்று சட்டமும் போட்டார். பாட்டு வேண்டும், அந்தப் பாட்டின் சாமியார் வேண்டாம்.

எனக்கு இதைக் கேட்டபோது கோபம் உச்சியில் ஏறியது. நான் முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறேன். "உங்கட கை எவ்வளவு மென்மை, உங்கட சனம் வயசானவர்களை எவ்வளவு வடிவாப் பாக்கினம்" என்று சொல்லாத மேலாளர் இல்லை. அதே மேலாளர்களில் ஒருத்தி, சாப்பாட்டு அறையில் நானும் இன்னொரு தமிழ்ப் பிள்ளையும் தமிழில் கதைத்ததற்குக் கூப்பிட்டுப் புத்தி சொன்னாள். மற்றவர்களுக்கு அசௌகரியமாக இருக்கிறதாம். கை வேண்டும், வாய் வேண்டாம். அன்றைக்கு நான் "சரி" என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்தச் "சரி" இன்னமும் தொண்டைக்குள் நிற்கிறது.

இனிக் கீழறைக்கு வருகிறேன். ராசாவுக்கு ஒரு விளையாட்டுப் புத்தி. தன்னுடைய குளிர்கால அறைக்கு நேர் கீழே, நிலவறைக்குள் வாத்தியக்காரர்களை இருத்தினார். தரையில் துளை போட்டுக் குழாய் வைத்தார். விருந்தினர் மேலே சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எங்கிருந்தோ சங்கீதம் வரும், அவர்கள் வாயைப் பிளப்பார்கள். ராசாவுக்கு அலுத்தால் மூடியைப் போட்டு மூடலாம். கீழே பீப்பாய்களுக்கும் கோழிகளுக்கும் நடுவில் இருந்து, விரல் விறைக்க விறைக்க வாசித்தார்களாம் அந்த ஐரோப்பாவின் பெரிய வித்துவான்கள். கோபன்ஹேகனில் அந்த அறையை இன்றைக்கும் உல்லாசப் பயணிகளுக்குக் காட்டுகிறார்கள்.

4

மாசி மாதக் கச்சேரிக்கு டிலானிதான் எங்களைக் கூப்பிட்டாள். அவள் கூப்பிட்டது என்னையும் இவரையும். நான் கூப்பிட்டது பதினான்கு பேரை.

அதில் என்ன பிழை? எங்கள் பிள்ளை மேடை ஏறினால் நாங்கள் தனியாகவா போவோம்? விபோர்க்கிலிருந்து என் சிநேகிதி செல்வி ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கார் ஓட்டி வந்தாள். ஒரு தட்டு நிறைய மீன் ரோல்ஸும், ஒரு பொன்னாடையும் கொண்டுவந்தாள். அரங்கேற்றம் என்றால் பொன்னாடை போர்த்தாமல் விடக்கூடாது என்பது செல்வியின் சட்டம். மஞ்சள் நிறம், சிவப்புக் கரை, ஓரத்தில் சரிகை. "கடைசிப் பாட்டு முடிஞ்சோடன நீ போய்ப் போர்த்து, நான் வீடியோ எடுக்கிறன்" என்றாள்.

இடம், ஹோர்சன்ஸுக்கு வெளியே வயல்களுக்கு நடுவில் ஒரு பழைய பிரபு மாளிகை. வெளியே பனி கட்டிப்போய் நடக்க வழுக்கியது. உள்ளே பெரிய மண்டபம், இரண்டு பக்கமும் நெருப்பு எரிகிறது, ஆளுக்கொரு வைன் கிளாஸ். கதிரைகள் வட்டமாகப் போட்டிருந்தார்கள். ஆனால் மேடையைக் காணவில்லை.

சங்கத் தலைவி கிர்ஸ்டன், வெள்ளை முடி, பெரிய கண்ணாடி, சிரிப்பு முகம். எழும்பி விளக்கம் சொன்னாள். இன்றைக்கு நாங்கள் எல்லோரும் ராசாவின் விருந்தினராம். வாத்தியக்காரர்கள் நிலவறையில் இருக்கிறார்களாம். தரையில் உள்ள கம்பிவலைகளால் சங்கீதம் வருமாம். அவர்களைப் பார்க்க முடியாதாம், அதுதான் இதன் அழகாம்.

நான் கையை உயர்த்தி, "அப்ப என்னுடைய மகள் எங்கே?" என்று டெனிஷில் கேட்டேன்.

"உங்களுக்கு நேர் கீழே" என்று சொல்லிச் சிரித்தாள். சபையும் சிரித்தது.

நான் காலடியைப் பார்த்தேன். சப்பாத்துக்குப் பக்கத்தில் ஒரு கம்பிவலை. அதற்குள்ளால் குளிர்காற்று மேலே வந்துகொண்டிருந்தது. செல்வி மெதுவாக, "அப்ப வீடியோ எப்பிடியடி எடுக்கிறது?" என்று கேட்டாள். அவளுடைய கவலை அவளுக்கு.

சங்கீதம் தொடங்கியது. நன்றாக இருந்ததா என்று கேட்காதீர்கள். எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. பக்கத்தில் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு வைனை உறிஞ்சிக்கொண்டிருந்தார். அவரை எனக்குத் தெரியும். அவருடைய தாயாரைக் காலையில் குளிக்கவார்த்து, உடுப்பு மாற்றி, சீப்பால் தலை இழுத்துவிடுவது நான். அவர் என்னை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. சீருடை இல்லாமல் எங்களை யாருக்குத் தெரியும்.

மூன்றோ நாலோ பாட்டு முடிந்து, திடீரென்று ஒரு நீண்ட அமைதி. எனக்கு அது முடிவு என்றுதான் பட்டது. எங்கள் கச்சேரிகளில் அவ்வளவு நேரம் சத்தம் இல்லாவிட்டால் முடிந்துவிட்டது என்றுதான் கருத்து. ஒருவரும் கை தட்டவில்லை. ஒரு கைதட்டுக்கூட இல்லையா என் பிள்ளைக்கு என்று எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. பொன்னாடையை எடுத்துக்கொண்டு எழும்பிப் போனேன். இவர் என் சேலையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார், நான் நிற்கவில்லை.

5

நிலவறைக்குப் படி கல்லுப் படி. இறங்க இறங்க முகத்தில் குளிர் அறைந்தது. கீழே மூன்று பேர். நீளக் கழுத்து லூட் வைத்திருந்த ஒரு ஜெர்மன்காரர், பாடுகிற டெனிஷ் பிள்ளை, என் மகள். மூவரும் குளிர்கோட்டோடு இருந்தார்கள். டிலானி விரல் நுனி வெட்டின கையுறை போட்டிருந்தாள். வாயால் புகை போனது. உதடு நாவல்பழ நிறம்.

அந்த நேரம் அவள் வில்லைப் போட்டு அடுத்த உருப்படியைத் தொடங்கிவிட்டாள். கீழே இறங்குகிற நாலு ஸ்வரம், திரும்பவும் அதே நாலு. எனக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. பிள்ளையின் உதடுதான் தெரிந்தது. கையில் இருந்த பொன்னாடையை விரித்து அவளுடைய தோளைச் சுற்றி மூடினேன். வாயும் திறந்துவிட்டது.

"எழும்பு பிள்ளை. உனக்கென்ன விசரே? மேல அவையள் நெருப்புப் போட்டு வைன் குடிச்சுக்கொண்டு இருக்கினம். நீ இதுக்குள்ள ஐஸ்கட்டியா இருந்து ஆருக்கு வாசிக்கிறாய்? உன்னைப் பாக்கக்கூட அவையளுக்கு விருப்பமில்லை, உன்ர சத்தம் மட்டும் காணுமாம். இவ்வளவு வருசமா நான் இவையின்ர கிழடுகளைக் கழுவித் துடைச்சது, நீ இவையளுக்குக் கீழ வந்து இருக்கவே? ஒரு கை தட்டக்கூட இல்லையடி! ராசாவாம் ராசா! அவன்ர வாயில மண்!"

இன்னும் இருக்கிறது. எல்லாவற்றையும் எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது. அவள் ஒரே ஒரு வசனம்தான் சொன்னாள். பத்து வருடத்துக்குப் பிறகு தமிழில்.

"அம்மா, மேல போங்கோ."

மேலே போனேன். மண்டபத்துக் கதவைத் திறந்ததும் எல்லோருடைய முகமும் என் பக்கம் திரும்பியது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. ராசாவின் குழாய் சங்கீதத்தை மட்டும் தெரிந்தெடுத்து மேலே அனுப்பாது. நான் போட்ட சத்தம் ஒரு சொல் விடாமல் அந்த மண்டபம் முழுக்கக் கேட்டிருக்கிறது. எங்கள் சனம் பதினான்கு பேரும் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செல்வி மட்டும் கைத்தொலைபேசியைக் கம்பிவலைக்குக் கிட்டப் பிடித்தபடி அப்படியே உறைந்துபோய் இருந்தாள்.

நான் ஏசியதுகூட இல்லை, அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னைக் கொன்றது. கச்சேரி முடிய வெள்ளைக்காரச் சனம் எழும்பி நின்று கை தட்டியது. கிர்ஸ்டன் ஓடிவந்து என் இரண்டு கையையும் பிடித்து, "எவ்வளவு இயல்பாக இருந்தது! ஏற்கெனவே திட்டமிட்டதா?" என்று கேட்டாள். வைன் உறிஞ்சியவர், "அழகான மொழி" என்றார். என் கோபத்தைக் கேட்டு ரசித்திருக்கிறார்கள். ஏசினால்கூட இவர்களுக்குச் சங்கீதம்.

டிலானி என்னிடம் வரவில்லை. ஜெர்மன்காரரின் காரில் வாத்தியத்தை ஏற்றிக்கொண்டு ஓகூஸில் உள்ள தன் அறைக்குப் போய்விட்டாள். இவர்தான் கார் ஓட்டினார். வீட்டு வாசலில் நிற்பாட்டிவிட்டு, "நல்லாத் தெளிவாக் கேட்டது" என்றார். அந்த மனிசனுக்கு நான் இரண்டு நாள் சோறு போடவில்லை.

6

படிவம் வந்த வெள்ளிக்கிழமை நானே அவளுக்குத் தொலைபேசி எடுத்தேன். எடுத்தாள்.

"எங்கயடி போறாய்?"

சுவிஸுக்கு, என்றாள் டெனிஷில். பழைய சங்கீதத்துக்கு அங்கே பெரிய பள்ளிக்கூடம் இருக்கிறதாம். வெட்டாமல் ஒட்டாமல் ஒரே மூச்சில் எடுத்த கச்சேரிப் பதிவு ஒன்றுதான் அனுப்பவேண்டுமாம். அவளிடம் இருப்பது அந்தக் கீழறைப் பதிவு மட்டும்தான். ஜெர்மன்காரர் ஊருக்குத் திரும்பிவிட்டார், இன்னொரு தரம் மூன்று பேரையும் சேர்க்க நாள் இல்லை. புதன்கிழமை கடைசி.

"அதுக்குள்ள என்ர சத்தம் கிடக்கே?"

"ஓம்." அந்த ஒரு சொல் தமிழில் வந்தது. பிறகு டெனிஷில், "அதனால்தான் உங்களிடம் கேட்காமல் இருந்தேன். சங்கம் முந்திவிட்டது" என்றாள்.

நான் சம்மதிக்காவிட்டால் பதிவு இல்லை. பதிவு இல்லாவிட்டால் சுவிஸ் இல்லை. பிள்ளை ஓகூஸிலேயே இருப்பாள், அரை மணித்தியால ரயில். படிவத்துக் கட்டத்தில் ஒரு புள்ளடியைப் போடாமல் விட்டால் போதும். அந்த எண்ணம் எனக்கு வரவில்லை என்று நான் உங்களுக்குப் பொய் சொல்லமாட்டேன். வெள்ளி முழுக்க வந்தது, சனி முழுக்க வந்தது.

சனிக்கிழமை படிவத்தோடு வந்த பதிவைக் கேட்டேன். எனக்கு அன்றிலிருந்து மனத்தில் இருந்தது இதுதான்: நான் கத்தினேன், அவள் வெட்கத்தில் வாசிப்பதை நிற்பாட்டிவிட்டாள். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. நான் கத்திக்கொண்டிருக்கிற அவ்வளவு நேரமும் அந்த நாலு ஸ்வரம் என் குரலுக்குக் கீழே போய்க்கொண்டே இருக்கிறது. பாடவேண்டிய பிள்ளை வாய் திறக்கவில்லை, லூட்காரர் கை வைக்கவில்லை. டிலானி மட்டும் நான் மூச்சு விடுகிற இடத்தில் கொஞ்சம் கூட்டி, நான் கத்துகிற இடத்தில் குறைத்து, சுற்றிச் சுற்றி அதையே வாசித்துக்கொண்டிருக்கிறாள். "அம்மா, மேல போங்கோ" என்று சொல்லும்போதும் வில் நிற்கவில்லை. என் சப்பாத்துச் சத்தம் படி ஏறி மறைந்த பிறகுதான் மற்றப் பிள்ளை பாடத் தொடங்குகிறது. நான் அதை ஐந்து தரம் போட்டுக் கேட்டேன். ஆறாம் தரம் இவரைக் கூப்பிட்டேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தனக்குத் தடிமன், மூக்கு ஒழுகுகிறது என்றார்.

7

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வர, டிலானி வந்து குசினியில் இருந்தாள். வாத்தியப் பெட்டி சுவரோடு சாத்தியிருந்தது. மூடி திறந்திருந்தது. உள்ளே வாத்தியத்தின் கழுத்தைச் சுற்றிச் செல்வியின் பொன்னாடை.

"அதைத் துடைக்கிற துணியாக்கிப் போட்டியா?" என்றேன். ஏழு கிழமைக்குப் பிறகு மகளைக் கண்ட தாயின் முதல் வார்த்தை இது. என்னை என்ன செய்யலாம்.

"துடைக்க இல்லை. ரயிலில் குளிரும், நரம்பு சுருதி விலகிவிடும்" என்றாள்.

சோறு போட்டேன். சாப்பிட்டாள். மடிக்கணினியைத் திறந்து படிவத்தை எடுத்தாள். மொழிபெயர்ப்பைத் தானே எழுதுவதாகச் சொன்னாள்.

"'மகளே, குளிருகிறதா, மேலே வா' என்று போடுகிறேன். அவர்களுக்கு அது போதும்."

"நான் அப்பிடியே சொன்னனான்?"

"மோர், நீங்கள் சொன்னதை எழுதினால் உங்களுடைய வேலை போகலாம். அந்த வரி. கிழடுகள் என்று சொன்னது. நீங்கள் குளிக்கவார்க்கிற அம்மாவின் மகன் அங்கே இருந்தாராம், அப்பா சொன்னார்."

என்னைக் காப்பாற்றத்தான் பொய் எழுதப் பார்க்கிறாள் என்று அப்போதுதான் விளங்கியது. விளங்கியதும் கோபம் குறையவேண்டும், இல்லையா? கூடியது.

"நான் அந்த மனிசிக்குச் செய்யிற வேலை எனக்குத் தெரியும், அவவுக்கும் தெரியும். நான் சொன்னது கோபத்தில சொன்னது. ஆனாச் சொன்னனான். நாளைக்கு நானே போய் மேலாளரிட்டச் சொல்லுறன். மோட்டுத்தனமா 'குளிருதா மகளே' எண்டு என்ர வாயில வைக்காதை. அழகான மொழி எண்டு சொன்னவையெல்லே, இப்ப விளங்கிக் கேக்கட்டும். எழுது."

எழுதினாள். நான் சொல்லச் சொல்ல, பதிவை நிற்பாட்டி நிற்பாட்டி, ஒவ்வொரு வசனமாக டெனிஷில் போட்டாள். வைன், நெருப்பு, கிழடுகள், ராசாவின் வாயில் மண், எல்லாம். "இவையளுக்குக் கீழ வந்து இருக்கவே" என்ற இடத்தில் கை நின்றுவிட்டது.

"ஃப்ரேயாவுக்கும் குளிர்தான், மோர்" என்றாள். ஃப்ரேயா அந்தப் பாடுகிற பிள்ளை. "அவளும் கீழேதான் இருந்தாள். அவளுடைய அம்மாவும் மேலேதான் இருந்தா. அவ இறங்கி வரவில்லை." பிறகு கொஞ்சம் தடக்கித் தடக்கித் தமிழில் கேட்டாள். "அம்மா, இதில கீழ இருக்கிறது ஆர்? நானோ, நீங்களோ?"

அப்போதுதான் பங்கர் பற்றிச் சொன்னேன். அவள் பிறந்ததிலிருந்து இருபத்துநாலு வருடம் சொல்லாமல் வைத்திருந்தது. சண்டைக் காலத்தில் ஊரில், பாசையூரில், எங்கள் வீட்டுக்குப் பின்னால் தோண்டிய பதுங்கு குழி. மேலே ஹெலிகொப்டர் சுற்றும். கீழே ஈர மண்ணுக்குள் நாங்கள் ஏழு பேர். கோவில் பாட்டுக்குழுப் பிள்ளைகள் நாலு பேர் அதற்குள் இருந்ததால், பயத்தை மறக்க வாய்க்குள்ளேயே பாடுவோம். அம்மா தன் சேலையால் எங்களை மூடுவார். வெளியே வந்தால் இனி ஒருநாளும் மண்ணுக்குக் கீழே போகமாட்டேன், என் வயிற்றில் பிறக்கிறதும் போகாது என்று அதற்குள் இருந்துதான் நினைத்தேன். "அதை விட்டுப்போட்டு நீ உன்ர பாட்டில போய் நிலவறைக்குள்ள இருக்கிறாய், வைன் குடிக்கிற ஆக்களுக்கு" என்றேன். மேசையில் ஒரு அடியும் அடித்தேன்.

அவள் மடிக்கணினியைத் தள்ளி வைத்தாள். "நீங்கள் அதற்குள் என்ன பாடினீர்கள்?" என்று மட்டும் கேட்டாள். பாடிக் காட்டினேன். குரல் போய்விட்டது, ஆனாலும் பாடினேன். பெட்டியிலிருந்து காம்பாவை எடுக்கப்போகிறாளோ என்று பயந்தேன். எடுக்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்தாள்.

நின்ற இடத்திலிருந்து மிச்சத்தையும் எழுதி முடித்தாள். கடைசியில் ஒரு கேள்வி இருந்தது. பதிவில் உங்கள் பங்கு என்ன? கீழே மூன்று கட்டம். பார்வையாளர். பணியாளர். நிகழ்த்தியவர். டிலானி பார்வையாளரில் புள்ளடி போடப்போனாள்.

"அதில்லை. கீழ இருக்கிறதில போடு."

"மோர், அது எங்களுக்கு. வாசித்த ஆட்களுக்கு."

"நீ இரண்டு நிமிசம் அந்த நாலு ஸ்வரத்தை ஆருக்கு வாசிச்சனி?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு நிகழ்த்தியவர் என்ற கட்டத்தில் புள்ளடி போட்டு, என் பெயரை முழுதாக, ஒரு எழுத்தும் குறையாமல் அடித்தாள். கட்டத்துக்கு வெளியே வழிந்தது. வழியட்டும் என்றேன்.

கையெழுத்து வைத்து அனுப்பவேண்டியது நான். மடிக்கணினியை என் பக்கம் திருப்பினாள். ஆவணியில் போய்விடுவாள் என்று தெரிந்துகொண்டுதான் அழுத்தினேன். கோபத்தோடுதான் அழுத்தினேன்.